பழைய நோட்டு: குப்பையா? புதையலா?

பிரான்சு நாட்டில் அடிக்கடி நடக்கும் கதை இது.

வீட்டில் தாத்தா இறந்துவிடுகிறார். அடக்கம் முடிகிறது. பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் சேர்ந்து வீட்டை ஒழுங்கு செய்கிறார்கள். அலமாரியில் படுக்கை விரிப்புகள் மடித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. மருமகள் ஒரு விரிப்பை எடுத்து உதறுகிறாள்.

பொலபொலவென்று நோட்டுகள் விழுகின்றன!

எல்லாம் பிராங்க் நோட்டுகள். தாத்தா சிறுகச் சிறுகச் சேர்த்தவை. பாட்டிக்குக்கூடத் தெரியாமல் ஒளித்து வைத்தவை. வீட்டில் ஒரே பரபரப்பு. ஒருவர் எண்ணுகிறார். இன்னொருவர் கணக்குப் போடுகிறார். வீட்டுக் கூரையைப் பழுது பார்த்துவிடலாம் என்கிறான் மூத்த மகன். பேத்தியின் படிப்புக்கு ஆகும் என்கிறாள் மகள்.

மறுநாள் வங்கிக்குப் போகிறார்கள். வங்கி ஊழியர் நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கிறார். தலையை அசைக்கிறார்.

"மன்னிக்கவும். இவற்றுக்கு இங்கே ஒரு காசும் கொடுக்க முடியாது."

தாத்தாவின் உழைப்பு முழுவதும் வெறும் காகிதம் ஆகிவிட்டதா?

அதுதான் கேள்வி. அதற்கு விடை ஒரே சொல்லில் இல்லை. சில நோட்டுகள் வெறும் காகிதம். சில நோட்டுகள், அச்சிட்ட தொகையைவிடப் பல மடங்கு விலை போகும்! எது குப்பை, எது புதையல் என்று தெரிந்துகொள்வது ஒரு கலை.

கெடு முடிந்தது

பிரான்சில் இப்போது பிராங்க் இல்லை. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து "யூரோ" என்ற ஒரே நாணயத்தை ஏற்றுக்கொண்டன. 2002-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. அதே ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதியோடு கடைகளில் பிராங்க் வாங்குவது நின்றது.

ஒரு யூரோவுக்கு 6.55957 பிராங்க் என்று மாற்று விலை வைக்கப்பட்டது. 500 பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தால் சுமார் 76 யூரோ கிடைத்தது.

நோட்டுகளை மாற்றிக்கொள்ள மக்களுக்குப் பத்து ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். 2012-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி கடைசி நாள். அன்று வங்கி வாசல்களில் கூட்டம் நின்றது. மறுநாள் முதல் அந்த நோட்டுகளுக்கு வங்கியில் மதிப்பு இல்லை.

கெடு முடிந்த பிறகு கிடைத்த நோட்டை என்ன செய்வது? ஒரே வழிதான் உண்டு. பழைய நோட்டுகளைச் சேகரிப்பவர்களிடம் போக வேண்டும்!

நோட்டில் அச்சிட்ட தொகை என்ன என்று அவர்கள் பார்ப்பதில்லை. வேறு சில கேள்விகளைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள் புரிய வேண்டுமானால், பிரெஞ்சு நோட்டின் கதை தெரிய வேண்டும். முந்நூறு ஆண்டுக் கதை அது.

சூதாடியின் வங்கி

பிரான்சில் காகிதப் பணத்தைப் பெரிய அளவில் புகுத்தியவர் பிரெஞ்சுக்காரர் அல்ல. ஸ்காட்லாந்துக்காரர். பெயர் ஜான் லா. பொற்கொல்லரின் மகன். கணக்கில் புலி. சூதாட்டத்தில் சூரர். 1694-ல் லண்டனில் ஒருவரோடு வாட்சண்டை போட்டு அவரைக் கொன்றுவிட்டார். சிறையில் இருந்து தப்பி ஓடினார்.

அப்போது பிரான்சு கடனில் மூழ்கிக் கிடந்தது. பதினான்காம் லூயி மன்னர் நடத்திய போர்கள் கஜானாவைக் காலி செய்துவிட்டன. புதிய மன்னர் சின்னஞ்சிறு பையன். அவருக்காக ஆட்சி நடத்திய ஆர்லியன்ஸ் கோமகன், ஜான் லாவின் பேச்சில் மயங்கினார்.

1716-ல் லா ஒரு வங்கி தொடங்கினார். நோட்டு அச்சிட்டார். "நோட்டைக் கொடுத்தால் நாணயம் தருவோம்" என்றார். மக்கள் நம்பினார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் வாணிகம் செய்ய ஒரு கம்பெனியும் நடத்தினார். அதன் பங்குகளை வாங்க ஏழையும் பணக்காரரும் அடித்துக்கொண்டார்கள். பங்கு விலை ஏற ஏற, லாவின் நோட்டுகளும் பெருகின.

1720-ல் பலூன் வெடித்தது! "நாணயம் கொடு" என்று ஜனங்கள் வங்கி வாசலில் குவிந்தார்கள். கொடுக்க நாணயம் இல்லை. ஜூலை மாதம் ஒரு நாள் பாரிசில் கூட்ட நெரிசலில் பலர் நசுங்கிச் செத்தார்கள். அந்த ஆண்டின் முடிவில் லா நாட்டை விட்டே ஓடினார். 1729-ல் வெனிஸ் நகரில் காலமானார்.

அன்று யாரும் தொடக்கூட விரும்பாத அந்த நோட்டுகள், இன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கின்றன. அவற்றைச் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். லாவின் வங்கி இருந்த வட்டாரத்தில்தான் இன்று பாரிசின் பழைய நாணயக் கடைகள் பல இருக்கின்றன!

தேவாலய நிலமும் காகிதமும்

லாவின் கதை நடந்து எழுபது ஆண்டு ஆயிற்று. பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. புதிய அரசாங்கத்திடம் பணம் இல்லை. ஆனால், தேவாலயங்களிடம் இருந்து எடுத்துக்கொண்ட நிலம் ஏராளமாக இருந்தது. அந்த நிலத்தை ஈடாகக் காட்டி 1789-ம் ஆண்டு டிசம்பரில் பத்திரங்கள் வெளியிட்டார்கள். அவற்றுக்கு "அசிக்னா" என்று பெயர்.

முதலில் திட்டமிட்ட தொகை 40 கோடி லிவர். (லிவர் என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்.) பத்திரம் விரைவில் நோட்டாகவே மாறிவிட்டது. போர் வந்தது. செலவு கூடியது. அச்சு இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடியது. 1796-க்குள் வெளியான மொத்தத் தொகை சுமார் 4,500 கோடி லிவர்!

என்ன ஆகும்? நோட்டின் மதிப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கையில் நோட்டுக் கட்டு வைத்துக்கொண்டு, ரொட்டி வாங்க முடியாமல் தவித்தார்கள் ஏழை மக்கள். 1796-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, பாரிசின் வாண்டோம் சதுக்கத்தில், மக்கள் பார்க்க அச்சுக் கருவிகளை அழித்தார்கள்.

அந்த நோட்டுகளில் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. கள்ள நோட்டு அடிப்பவனுக்குச் சட்டம் மரண தண்டனை விதிக்கும், காட்டிக் கொடுப்பவனுக்கு நாடு சன்மானம் தரும் என்பது அதன் பொருள். அப்படியும் கள்ள நோட்டுகள் குவிந்தன. பிரான்சின் பகை நாடான இங்கிலாந்திலேயே அவை அச்சாகி வந்தன!

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. அசிக்னாவுக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதனால் விலை லட்சக்கணக்கில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சாதாரண வகை அசிக்னா ஒன்று சில யூரோவுக்கே கிடைக்கும். காரணம் என்ன? அவ்வளவு அச்சிட்டார்கள். அவ்வளவு மிஞ்சிக் கிடக்கின்றன.

வயது வேறு. அருமை வேறு. பழையது எல்லாம் விலை உயர்ந்தது அல்ல!

நெப்போலியன் வைத்த வங்கி

இரண்டு முறை சூடுபட்ட பிரெஞ்சு மக்கள் காகிதப் பணத்தைக் கண்டாலே அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் போக்க வந்தது "பிரான்சு வங்கி". 1800-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி அது நிறுவப்பட்டது. நிறுவியவர் நெப்போலியன் போனபார்ட்.

அந்த வங்கியின் தொடக்க கால நோட்டுகள் 500 பிராங்க், 1,000 பிராங்க். 500 பிராங்க் என்றால் அன்று ஒரு கூலித் தொழிலாளி ஆண்டு முழுவதும் உழைத்துப் பெறும் தொகை! ஆகவே பெரிய வியாபாரிகளும் செல்வர்களும்தான் அந்த நோட்டைக் கண்ணால் கண்டார்கள். சாமானியர் வெள்ளிக் காசையே நம்பினார்கள்.

1848-ல் 100 பிராங்க் நோட்டு வந்தது. 1870-ல் பிரஷ்யாவோடு போர் மூண்டது. அதையொட்டி 20 பிராங்க், 5 பிராங்க் போன்ற சிறு நோட்டுகளும் வந்தன. அதன் பிறகுதான் நோட்டு சாமானியர் கைக்கு வந்தது.

வங்கிக்குத் திரும்பி வந்த பழைய நோட்டுகளை வங்கி அழித்துவிடும். அதனால் அந்த முதல் காலத்து நோட்டுகள் தப்பிப் பிழைத்தது அபூர்வம். ஏதாவது புத்தகத்துக்குள் மறந்து வைத்தது, சுவரில் ஒளித்தது என்று ஒன்றிரண்டு மிஞ்சின. அவற்றுக்கு ஏலத்தில் பெரிய போட்டி நடக்கிறது.

நீல நிறம் ஏன்?

முதலில் நோட்டுகள் கறுப்பு மையில் அச்சாயின. பிறகு புகைப்படக் கலை வந்தது. கள்ள நோட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம்! கறுப்பு எழுத்தைப் படம் பிடிப்பது சுலபம் அல்லவா?

வங்கி ஒரு யுக்தி செய்தது. 1862 முதல் நீல மைக்கு மாறியது. அந்தக் காலத்துப் புகைப்படத் தகட்டில் நீல நிறம் சரியாகப் பதியாது. கள்ள நோட்டுக்காரர்கள் கொஞ்ச காலம் திணறினார்கள். பிறகு அவர்களும் வழி கண்டுபிடித்தார்கள். வங்கி நீலத்தோடு ரோஜா நிறத்தையும் சேர்த்தது. பிறகு பல வண்ணங்கள் வந்தன.

இப்படித் திருடனுக்கும் காவலனுக்கும் நடந்த ஓட்டப் பந்தயம்தான் நோட்டின் அழகைக் கூட்டியது!

போர்க்கால நோட்டுகள்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கிவிட்டார்கள். கடையில் சில்லரை கிடைக்கவில்லை. உடனே ஊருக்கு ஊர் வர்த்தக சபைகள் சின்னச் சின்ன நோட்டு அச்சிட்டன. 50 சாந்தீம் (அரை பிராங்க்), 1 பிராங்க், 2 பிராங்க் என்று அவை புழங்கின. 1920-களில் அவை திரும்பப் பெறப்பட்டன. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இவை ஏற்றவை. ஊருக்கு ஒரு படம். சாதாரணமானவற்றுக்கு விலையும் குறைவு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து நோட்டுகளில் உழைப்பாளிகளைப் பார்க்கலாம். 10 பிராங்கில் சுரங்கத் தொழிலாளி. 20 பிராங்கில் மீனவர். 5 பிராங்கில் ஆடு மேய்ப்பவர். போர் முடியும் வேளையில் வந்த 100 பிராங்கில் இளம் உழவர். தேவதைகள் இருந்த இடத்தில் பாட்டாளிகள்!

1944-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. அமெரிக்கப் படைகளும் பிரிட்டிஷ் படைகளும் பிரான்சை மீட்க வந்தன. வரும்போதே அமெரிக்காவில் அச்சிட்ட பிராங்க் நோட்டுகளையும் கொண்டுவந்தன. ஜெனரல் டிகாலுக்குக் கோபம் பொங்கியது. பிரான்சின் பணத்தை அச்சிட அன்னியருக்கு உரிமை ஏது என்று கேட்டார். அது கள்ளப் பணம் என்றே கண்டித்தார். சில காலமே புழங்கிய அந்த நோட்டுகளையும் இன்று சேகரிக்கிறார்கள்.

போருக்குப் பிறகு மக்களுக்கு மேலும் இரண்டு அதிர்ச்சி. 1945 ஜூனில் 50 பிராங்கும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுகளை எல்லாம் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கள்ளச் சந்தையில் பணம் குவித்தவர்களைப் பிடிக்க அது ஒரு வலை. 1948 ஜனவரி இறுதியில், 5,000 பிராங்க் நோட்டு ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனது!

இரண்டு சுழி மறைந்தது

1960-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி பிரெஞ்சு மக்கள் கண் விழித்தபோது, அவர்கள் பணத்தில் இரண்டு சுழி காணோம்! 100 பழைய பிராங்க், 1 புதிய பிராங்க் என்று ஆகிவிட்டது. விலைவாசி ஏறி ஏறி, சாதாரணச் சாமானுக்குக்கூட ஆயிரக்கணக்கில் கணக்குப் போட வேண்டியிருந்தது. அதற்காகவே இந்த மாற்றம். வயதானவர்கள் பல ஆண்டுகள் பழைய பிராங்கிலேயே கணக்குப் பேசினார்கள்.

மாற்றத்துக்கு முன்னேற்பாடாக, பழைய நோட்டின் மேலேயே புதிய தொகையை அடித்தார்கள். 500 பிராங்க் நோட்டின் மீது 5 புதிய பிராங்க். 10,000 பிராங்க் நோட்டின் மீது 100 புதிய பிராங்க். இந்த மேலச்சு நோட்டுகள் குறைந்த காலமே புழங்கின. ஆகவே, வீட்டில் ஒரு பழைய நோட்டு கிடைத்தால், மேலச்சு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மதிப்பிடுவது எப்படி?

நோட்டைக் கையில் எடுக்கும் வியாபாரி கேட்கும் கேள்விகள் நான்கு.

முதல் கேள்வி: இப்படிப்பட்ட நோட்டு எத்தனை மிஞ்சியிருக்கிறது?

நிறைய மிஞ்சியிருந்தால் விலை இல்லை. அதை விரும்புகிறவர்கள் பலராக இருந்து, நோட்டு சிலவாக இருந்தால் விலை ஏறும்.

இரண்டாம் கேள்வி: நோட்டின் நிலை என்ன?

மடிப்பு இருக்கிறதா? கிழிசல் உண்டா? மூலை போயிருக்கிறதா? நிறம் மங்கியதா? ஒரே நோட்டு, புத்தம் புதிதாக இருந்தால் ஒரு விலை. கசங்கி இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது.

நிலையைக் குறிக்கப் பிரெஞ்சு வியாபாரிகள் வைத்திருக்கும் சொற்கள் வேடிக்கையானவை. "அழகு", "மிக அழகு", "மிக மிக அழகு", "அற்புதம்", "பிரமாதம்", "புதிது" என்று வரிசை போகிறது. இதில் "அழகு" என்றால் என்ன தெரியுமா? கந்தல் என்று பொருள்! அதுதான் கீழ்ப்படி. விவரம் தெரியாதவர் "அழகு" என்ற சொல்லை நம்பி ஏமாறுவார்.

இன்னொரு விசேஷம். பழைய பிரெஞ்சு நோட்டுகளில் குண்டூசி குத்திய ஓட்டைகள் இருக்கும். நோட்டுகளைக் கட்டாகச் சேர்த்துக் குண்டூசி குத்தி வைப்பது அந்த நாட்டு வங்கிகளின் பழக்கம். ஓட்டையைக் கண்டு வருந்த வேண்டாம். பெரும்பாலான நோட்டுகளில் அது உண்டு. ஓட்டையே இல்லாத நோட்டு கிடைத்தால்தான் அதிசயம். அதற்குத் தனி விலை!

மூன்றாம் கேள்வி: தேதி என்ன?

பிரெஞ்சு நோட்டுகளில் நெடுங்காலம் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் அச்சிட்டு வந்தார்கள். ஒரே படம், ஒரே தொகை உள்ள இரண்டு நோட்டு. ஒன்றின் தேதி சாதாரணம். மற்றொன்றின் தேதியில் கொஞ்சம்தான் அச்சிட்டார்கள். இரண்டாவதற்குப் பல மடங்கு விலை! கையெழுத்துப் போட்ட வங்கி அதிகாரிகளின் பெயரையும் பார்ப்பார்கள். வரிசை எழுத்தையும் எண்ணையும் பார்ப்பார்கள். முதல் வரிசையில் அச்சான நோட்டுக்கு மவுசு அதிகம்.

இதற்கெல்லாம் அட்டவணைப் புத்தகங்கள் உண்டு. பிரான்சில் "ஃபயெத்" அட்டவணை பெயர் பெற்றது. உலக நோட்டுகளுக்கு ஜெர்மானியரான ஆல்பர்ட் பிக் வகுத்த எண் வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். அட்டவணையில் உள்ள விலை அப்படியே கைக்கு வரும் என்று நினைக்கக் கூடாது. வியாபாரி தம் லாபத்தைக் கழித்துக்கொண்டே வாங்குவார்.

நான்காம் கேள்வி: நோட்டு உண்மையானதா?

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதத்துக்குள் ஓர் உருவம் தெரியும். அது நீர்க்குறி. காகிதம் செய்யும்போதே அமைவது அது. மேலே அச்சிட்டது அல்ல. நீர்க்குறி இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும்.

கள்ள நோட்டுக்குக் கிராக்கி!

பொதுவாகக் கள்ள நோட்டுக்கு மதிப்பு இல்லை. ஒருவர் விதிவிலக்கு.

அவர் பெயர் செஸ்லாவ் போயார்ஸ்கி. போலந்தில் பிறந்த பொறியாளர். பிரான்சில் குடியேறினார். சில பொருள்களைக் கண்டுபிடித்தார். அவற்றால் வருமானம் வரவில்லை. திறமை தவறான வழியில் திரும்பியது.

பாரிசுக்கு அருகே மோன்ஷெரோன் என்ற ஊர். அங்கே தம் வீட்டின் அடியில் ஒரு ரகசிய அறை அமைத்தார். தாமே காகிதம் செய்தார். தாமே மை கலந்தார். தாமே தகடு செதுக்கினார். அச்சிட்டதும் அவரே, மாற்றியதும் அவரே. நெப்போலியன் படம் போட்ட 100 புதிய பிராங்க் நோட்டு அவர் கைவண்ணத்தில் உண்மை நோட்டை வென்றுவிடும் போல் இருந்தது. வங்கி நிபுணர்களே அசந்து போனார்கள்.

பல ஆண்டுகள் தனியாகவே வேலை செய்தவரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டார். அதுவே வினையாயிற்று. கூட்டாளிகள் மாட்டினார்கள். 1964 ஜனவரியில் போலீசார் போயார்ஸ்கியைக் கைது செய்தார்கள். 1966-ல் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இன்று அவர் செய்த கள்ள நோட்டு ஒன்று கிடைத்தால், அதே வகை உண்மை நோட்டைவிட அதிக விலை போகிறது! உலகத்தில் இப்படியும் ஒரு விசித்திரம்.

ஆனால், அவர் திறமையால் நேர்வழியில் எத்தனை செய்திருக்கலாம்? சிறையில் கழிந்த ஆண்டுகளை எந்த நோட்டைக் கொடுத்தும் வாங்க முடியாது.

எழுத்துப் பிழை

பிரான்சு வங்கியே தவறு செய்ததும் உண்டு. 1993-ல் ஒரு 50 பிராங்க் நோட்டு வெளிவந்தது. அதில் விமானியும் எழுத்தாளருமான செந்த்-எக்சுபெரியின் படம். அவர் எழுதிய "குட்டி இளவரசன்" கதையின் சின்ன உருவமும் உண்டு. குழந்தைகளுக்கு அந்த நோட்டு மிகவும் பிடித்தது.

அதில் எழுத்தாளரின் பெயரில் ஓர் எழுத்தின் மேல் வேண்டாத குறி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். நோட்டு வெளியான பிறகே பிழை தெரிந்தது. பின்னால் அச்சிட்ட நோட்டுகளில் திருத்தினார்கள்.

பிழை உள்ள நோட்டு என்றால் செல்வம் கொட்டும் என்று நினைப்பது தவறு. பிழையோடு அச்சானவை ஏராளம். ஆனாலும் பிழை உள்ளது ஒன்று, திருத்தியது ஒன்று என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சேகரிப்பவர்களுக்கு ஆசை.

செய்யக் கூடாதவை

பழைய நோட்டு கிடைத்ததும் பலர் செய்யும் காரியம் என்ன? அழுக்காக இருக்கிறதே என்று கழுவுவார்கள். சுருக்கமாக இருக்கிறதே என்று இஸ்திரி போடுவார்கள். கிழிந்திருக்கிறதே என்று பசை நாடா ஒட்டுவார்கள்.

மூன்றும் தவறு! கழுவினால் காகிதத்தின் மொடமொடப்புப் போய்விடும். இஸ்திரி போட்டால் அச்சின் மேடு பள்ளம் தட்டையாகிவிடும். பசை நாடா நாளடைவில் மஞ்சள் கறையை விட்டுவிடும். அனுபவசாலி ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். விலை பாதியாகக் குறையும்.

கிடைத்தபடியே வைப்பதுதான் நல்லது. வெயில் படக் கூடாது. ஈரம் ஆகாது. மலிவான பிளாஸ்டிக் உறையில் சில வகை, காலப் போக்கில் பிசுபிசுத்து மையைக் கெடுக்கும். நோட்டுகளுக்கென்றே செய்த பாலியெஸ்டர் உறையில் வைக்க வேண்டும்.

புதுச்சேரியில்

பிரெஞ்சு நோட்டின் கதையில் நம் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு.

1875-ல் பாரிசில் "இந்தோசீன வங்கி" தொடங்கப்பட்டது. 1877-ல் புதுச்சேரியில் அதன் கிளை திறந்தது. பிரெஞ்சு இந்தியாவுக்கு நோட்டு வெளியிடும் உரிமை அந்த வங்கிக்கு இருந்தது. அந்த நோட்டுகள் பிராங்கில் இல்லை. ரூபாயில் இருந்தன! பிரெஞ்சு உச்சரிப்பில் "ரூப்பி" என்று அச்சிட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு 1 ரூபாய் நோட்டு வந்தது. 1937-ல் 5 ரூபாய் நோட்டு வந்தது. 50 ரூபாய் நோட்டில் கவர்னர் டூப்ளேயின் உருவம் இருந்தது.

1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இணைந்தது. சிறிய பகுதியில் மட்டும் புழங்கிய அந்த ரூபாய் நோட்டுகளை இன்று இந்தியாவிலும் பிரான்சிலும் தேடுகிறார்கள்.

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால், அடியில் விரித்த காகிதத்தைத் தூக்கி எறியும் முன் ஒரு முறை பார்ப்பது நல்லது.

அந்த வீட்டில்...

தாத்தா வைத்துப் போன நோட்டுகள் என்ன ஆகும்?

அவசரப்படும் குடும்பம், முதலில் வந்த வியாபாரியிடம் மொத்தமாக எடை போட்டதுபோல் விற்றுவிடும். அதில் ஒரு நோட்டே மற்ற எல்லாவற்றையும்விட அதிக விலை உள்ளதாக இருக்கலாம்!

புத்தியுள்ள குடும்பம் என்ன செய்யும்? நோட்டுகளை மேசைமேல் வகை வகையாகப் பிரிக்கும். தேதியையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளும். அட்டவணையைப் பார்க்கும். ஒருவரிடம் கேட்காமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்கும். அபூர்வமான நோட்டு இருந்தால் ஏலத்துக்கு அனுப்பும். "சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்பவரிடம் நோட்டை விட்டுவிட்டு வராது.

இப்படிச் செய்தாலும், பெரும்பாலான வீடுகளில் கூரை பழுது பார்க்கும் அளவுக்குப் பணம் வருவதில்லை. 1990-களில் புழங்கிய கசங்கிய நோட்டுக்கு, பெரும்பாலும் அதில் அச்சிட்ட தொகைகூடத் தேறாது. 2012-க்கு முன் வங்கிக்கு எடுத்துப் போயிருந்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கும். தாத்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரகசியம் அவரோடு போயிற்று.

பணத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது. சேர்த்த இடத்தை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும்!

விற்றது போக ஒரு நோட்டை மட்டும் பேத்தி தனக்கென்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள். 20 பிராங்க் நோட்டு. மீனவர் படம் போட்டது. ஓரம் கிழிந்தது. நடுவில் நாலாக மடித்த தடம். கடைக்காரர் அதற்கு விலையே சொல்லவில்லை.

அந்த மடிப்பு, தாத்தா தம் சட்டைப் பையில் வைத்து மடித்த மடிப்பு. அதற்கு எந்த அட்டவணையிலும் விலை இல்லை!